வாஷிங்டன் பெண் கலைஞர்கள் மியூசியம்: எந்தப் பருவத்தில், எந்த நிகழ்ச்சிக்குப் போகலாம்?

வாஷிங்டன் பக்கம் குடியிருக்கும் நமக்கு மியூசியத்துக்குக் காசு கொடுத்துப் போகும் பழக்கமே கிடையாது. ஸ்மித்சோனியன் மியூசியங்கள் இலவசம், நேஷனல் கேலரியும் இலவசம். ஊரிலிருந்து யார் வந்தாலும் மியூசியங்கள் வரிசையாக இருக்கும் நேஷனல் மால் புல்வெளியில் இறக்கிவிட்டு, சாயங்காலம் போய் ஏற்றிக்கொண்டு வருகிறோம். அதனால்தான் நியூயார்க் அவென்யூவில் இருக்கும் 'நேஷனல் மியூசியம் ஆஃப் விமன் இன் தி ஆர்ட்ஸ்' பெரியவர்களுக்கு 16 டாலர் என்று சொன்னதும் பலருக்கு ஆர்வம் வடிந்துவிடுகிறது. "ஃப்ரீயா இத்தனை இருக்கும்போது இது எதுக்கு?" என்ற கேள்வி நியாயமானதுதான்.

இது அரசு மியூசியம் இல்லை, தனியார் அறக்கட்டளை. அரசுப் பணத்தில் நடக்காததால் டிக்கெட் போடுகிறார்கள். அதே காரணத்தால், பட்ஜெட் சண்டையில் மத்திய அரசு முடங்கி ஸ்மித்சோனியன்கள் எல்லாம் கதவைச் சாத்தும்போதும் இது திறந்திருக்கும். விருந்தாளிகள் வந்த நேரம் பார்த்து முடக்கம் வந்தால் நினைவில் வையுங்கள்.

சரி, எப்போது போவது? என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே படங்களை மட்டும் பார்த்துவிட்டு வருவது பாதிப் பலன்தான். பருவத்துக்குப் பருவம் மாறுகிற நிகழ்ச்சிகளில் உங்களுக்குப் பொருந்துவது எது என்று பார்த்து, அந்த நாளில் போக வேண்டும். இலவச நாள் என்பதற்காக மட்டும் ஒரு நாளைத் தேர்ந்தெடுப்பதும், பெரிய கண்காட்சி என்பதற்காக மட்டும் ஒரு மாதத்தைத் தேர்ந்தெடுப்பதும் இரண்டாம்பட்சம்.

ஏன் இந்த மியூசியத்துக்கு மட்டும் இப்படிச் சொல்கிறேன் என்றால், மற்ற இடங்களில் பாதிப் பெயர்கள் நமக்கு முன்பே தெரியும். மோனே, வான் கோ, பிக்காசோ என்று பள்ளிப் புத்தகத்திலேயே பார்த்தாயிற்று. படத்தின் முன்னால் நின்றதும் "ஓ, இதுதானா!" என்று ஒரு பிடி கிடைத்துவிடும். இங்கே ஃப்ரீடா காலோவைத் தவிர அநேகமாக யாரையுமே தெரியாது. லவினியா ஃபொன்டானா, ராகெல் ருயிஷ், யூடித் லெய்ஸ்டர் என்று பெயர்ப் பலகைகள் வரிசையாக வரும். ஒன்றும் மனதில் ஒட்டாது. பக்கத்தில் ஒருவர் நின்று பேசினால் கதையே வேறு.

இந்தத் தெரியாமையிலிருந்துதான் மியூசியமே பிறந்தது. 1970களில் வில்ஹெல்மினா ஹாலடே, வாலஸ் ஹாலடே தம்பதியர் ஐரோப்பாவில் சுற்றுப்பயணம் செய்தபோது கிளாரா பேட்டர்ஸ் என்ற 17ஆம் நூற்றாண்டு ஓவியரின் படம் கண்ணில் பட்டது. ஊர் திரும்பி, அப்போது அமெரிக்கக் கல்லூரிகளில் பாடமாக இருந்த எச்.டபிள்யூ. ஜான்சனின் கலை வரலாற்று நூலைப் புரட்டினால் அவர் பெயர் இல்லை. அவர் பெயர் மட்டும் என்றால் பரவாயில்லை; வேறு எந்தப் பெண்ணின் பெயரும் இல்லை. அதற்குப் பிறகு பெண்களின் படைப்புகளையே தேடித் தேடி வாங்கினார்கள். 1981இல் மியூசியத்தைப் பதிவு செய்து, 1983இல் பழைய மேசானிக் கோயில் கட்டடத்தை வாங்கினார்கள். மேசன்கள் என்பது ஆண்களுக்கு மட்டுமான சங்கம். அவர்கள் கட்டிய மாளிகையில் 1987 ஏப்ரல் 7 அன்று பெண் கலைஞர்களின் மியூசியம் திறக்கப்பட்டது. அடுத்த முறை உள்ளே நுழையும்போது அந்தப் பளிங்குக் கூடத்தை இதை நினைத்துக்கொண்டு பாருங்கள், சுவாரசியம் கூடும். 2021 ஆகஸ்டில் பெரிய புதுப்பிப்புக்காக மூடி, 2023 அக்டோபர் 21இல் மறுபடி திறந்தார்கள். இப்போதுள்ள கட்டண முறை அதற்குப் பிறகு வந்தது.

மார்ச், ஏப்ரல்

அமெரிக்காவில் மார்ச் மாதம் பெண்கள் வரலாற்று மாதம். நாடாளுமன்றம் அதை முழு மாதமாக அறிவித்ததும் 1987இல்தான், மியூசியம் திறந்த அதே ஆண்டு. இயல்பாகவே ஆண்டின் மிகப் பரபரப்பான மாதம் இதுதான். 2016இலிருந்து மார்ச் தோறும் சமூக ஊடகத்தில் இவர்கள் ஒரு கேள்வியைச் சுற்றுக்கு விடுகிறார்கள்: ஐந்து பெண் கலைஞர்களின் பெயரைச் சொல்ல முடியுமா? கேட்கச் சின்னக் கேள்வி. நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கேட்டுப் பாருங்கள். அமிர்தா ஷேர்-கில் வரும், ஃப்ரீடா வரும், அப்புறம் எல்லோரும் கூரையைப் பார்ப்பார்கள். சென்னை ஓவியக் கல்லூரியில் படித்து, 1969இல் இளம் வயதிலேயே இறந்துபோன டி.கே. பத்மினியின் பெயர் எத்தனை பேர் வாயில் வரும்?

அந்த மாதத்தில் இவர்கள் பல ஆண்டுகள் நடத்தியிருக்கும் இன்னொரு நிகழ்ச்சி விக்கிப்பீடியா தொகுப்பு நாள். லேப்டாப்போடு போய் உட்கார்ந்தால், மியூசியத்தின் நூலகப் புத்தகங்களை வைத்துக்கொண்டு பெண் கலைஞர்களைப் பற்றிய கட்டுரைகளை எழுதலாம், திருத்தலாம். புதியவர்களுக்குச் சொல்லியும் தருவார்கள். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தப்போவதில்லை. அங்கே உட்கார்ந்து தமிழ் விக்கிப்பீடியாவில் ருயிஷைப் பற்றி நாலு பத்தி எழுதினால் ஒரு ஞாயிறு உருப்படியாகப் போகும். பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைகளை அழைத்துப் போகச் சரியான நிகழ்ச்சி என்று இதைத்தான் சொல்வேன். மியூசியம் என்றால் கால் வலிக்கிறது என்பவர்கள்கூட நாற்காலியும் வேலையும் கொடுத்தால் உட்கார்ந்துவிடுவார்கள்.

ஆனால் பார்ப்பதற்கு மார்ச் கடைசி வேண்டாம். செர்ரி மலர்கள் பூக்கும் அந்த இரண்டு மூன்று வாரம் நகரமே திருவிழாக் கோலம். ஹோட்டல் விலை ஏறும், மெட்ரோ நிரம்பி வழியும், பார்க்கிங் என்பதே கனவு. டைடல் பேசினில் மலர் பார்த்துக் களைத்து, மதியம் மூன்று மணிக்கு "அப்படியே அந்த மியூசியத்தையும் பாத்துட்டுப் போயிடலாம்" என்று வருகிறவர்கள் முகத்தில் களைப்பைத் தவிர வேறு எதுவும் இருக்காது. இரண்டில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரலில் வருகிற 'ஸ்லோ ஆர்ட் டே' வேறு ரகம். உலகம் முழுக்கப் பல மியூசியங்கள் ஒரே நாளில் செய்வது இது. கைவிரல் எண்ணிக்கைக்கு அடங்கும் சில படைப்புகள், ஒவ்வொன்றின் முன்னாலும் ஐந்து பத்து நிமிடம் சும்மா பார்ப்பது, பிறகு கூடிப் பேசுவது. இவ்வளவுதான். இந்த மியூசியமும் இதில் கலந்துகொண்டு வந்திருக்கிறது. பத்து நிமிடம் ஒரே படத்தையா என்று தோன்றும். ராகெல் ருயிஷ் 1680களின் கடைசியில் வரைந்த பூச்சாடியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நிமிடத்தில் அது பூச்சாடி, ஹோட்டல் வரவேற்பறையில் மாட்டுகிற மாதிரி. இரண்டாவது மூன்றாவது நிமிடத்தில் பின்னணியின் இருட்டுக்குக் கண் பழகுகிறது. தண்டுகள் ஒன்றுகூட நேராக இல்லை. ஒன்று பாம்பு போல வளைந்து வெளிச்சத்துக்கு வருகிறது. கொத்து நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாய்கிறது. கனம் தாங்காமல் மலர்கள் தலை கவிழ்ந்திருக்கின்றன. ருயிஷின் அப்பா ஆம்ஸ்டர்டாமில் பேர்போன உடற்கூறு அறிஞர், தாவரவியலாளர். மகள் வளர்ந்ததே மாதிரிச் செடிகளுக்கும் பூச்சிகளுக்கும் நடுவில். அது தெரிந்தபின் மறுபடி பார்த்தால் அலங்காரம் பின்னால் போய், ஒவ்வொரு இதழையும் உற்றுப் பார்த்த கண் முன்னால் வந்துவிடுகிறது.

வசந்தத்தில் போகிறவர்கள் ஆல்மா தாமஸையும் விட வேண்டாம். இந்த ஊர்க்காரர். 35 ஆண்டுகள் வாஷிங்டன் பள்ளியொன்றில் ஓவிய ஆசிரியையாக இருந்து, ஓய்வு பெற்ற பிறகு முழுநேர ஓவியராகி, எண்பது வயதில் நியூயார்க் விட்னி மியூசியத்தில் தனிக் கண்காட்சி கண்டவர். அங்கே அப்படித் தனிக் கண்காட்சி வைத்த முதல் கறுப்பினப் பெண் அவர்தான். 1969இல் அவர் வரைந்த ஐரிஸ், டூலிப் பூப்படத்தில் ஒரு பூகூடக் கிடையாது. மேலிருந்து கீழாகத் தீற்றுத் தீற்றாக நிறம் மட்டும். வெளியே தெருவோரப் பாத்திகளில் அதே நிறங்கள் பூத்துக்கிடக்கும் ஏப்ரலில் அதைப் பார்ப்பது தனி சுகம்.

கோடை

மே பிறந்தால் அப்பா அம்மாக்கள் வந்து இறங்குகிறார்கள். ஆறு மாத விசாவில் வருகிறவர்களுக்கு வாரநாள் பொழுது எப்படிப் போகும் என்பது வீட்டுக்கு வீடு உள்ள பிரச்சினை. ஜூலை வெயிலில் நேஷனல் மாலில் நடக்கவைப்பது பாவம். ஏசி போட்ட, நடை குறைந்த, உட்கார இடம் உள்ள கட்டடம் என்ற வகையில் இந்த மியூசியம் நல்ல தேர்வு. பெரிய ஸ்மித்சோனியன்கள் போல நாள் முழுக்க நடக்க வேண்டியதில்லை. இரண்டு மணி நேரத்தில் திருப்தியாகப் பார்க்கலாம்.

நிகழ்ச்சிகள் என்று பார்த்தால் கோடை கொஞ்சம் மெலிந்த பருவம். அந்த நேரத்துக் கண்காட்சிகள் பெரும்பாலும் சமகாலக் கலை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் 'விமன் டு வாட்ச்' தொடர் பல முறை கோடையில்தான் வந்திருக்கிறது: 2015இல் இயற்கைப் பொருள்கள், 2018இல் உலோகம், 2024இல் புதிய உலகங்கள் பற்றிய கற்பனை. அமெரிக்காவிலும் வெளிநாடுகளிலும் உள்ள மியூசியத்தின் கிளைக் குழுக்கள் தங்கள் ஊர்க் கலைஞர்களைப் பரிந்துரைக்க, அதிலிருந்து தேர்ந்தெடுப்பார்கள். எனக்குப் பிடித்த தொடர். ஆனால் பெற்றோரை அழைத்துப் போக முதல் தேர்வாக வைக்க மாட்டேன். "இதையெல்லாம் நம்ம ஊர்ல பழைய இரும்புக் கடையில போடுவாங்க" என்ற வாக்கியம் எந்த நிமிடமும் வரலாம். அவர்களை நேராக நிரந்தரச் சேகரிப்புக்குக் கூட்டிப்போங்கள். ரோசா பொனர் 1865இல் வரைந்த கடலோர ஆடுகளின் முன்னால் கிராமத்தில் வளர்ந்த எந்த அப்பாவும் நிற்பார். ஆட்டின் கம்பளி அடர்த்தியும் அது படுத்திருக்கும் விதமும் சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி நமக்கு இல்லை, அவருக்கு இருக்கிறது.

2025 கோடை ஒரு விதிவிலக்கு. கெரில்லா கேர்ள்ஸ் குழு தொடங்கி 40 ஆண்டு ஆனதையொட்டி அவர்களின் சுவரொட்டிகளை வைத்திருந்தார்கள். கொரில்லா முகமூடி போட்டுக்கொண்டு, மியூசியங்களின் புள்ளிவிவரத்தை அவற்றின் முகத்திலேயே விட்டெறியும் குழு அது. 1989இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தைப் பற்றி அவர்கள் போட்ட சுவரொட்டி பிரபலம்: நவீனக் கலைப் பிரிவில் உள்ள கலைஞர்களில் பெண்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு, நிர்வாண ஓவியங்களில் 85 சதவீதம் பெண்கள். அரசியல் சுவரொட்டி பார்த்தே வளர்ந்த நம்மவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதே இல்லை. இந்த மாதிரிக் கண்காட்சி கோடையில் வந்தால் நான் சொன்னதை மறந்துவிட்டுப் போங்கள்.

இலையுதிர் காலம்

செப்டம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை. ஒரே ஒரு பருவம்தான் என்றால் என் ஓட்டு இதற்கு. ஆண்டின் பெரிய கண்காட்சியைச் சமீப காலமாக இப்போதுதான் திறக்கிறார்கள். உரைகள், கச்சேரிகள், கலைஞர் சந்திப்புகள் எல்லாம் அதைச் சுற்றி அமைகின்றன. வெவ்வேறு நாளில் போனாலும் ஒரே பொருளைப் பல கோணங்களில் கேட்கலாம்.

2024 இலையுதிர்காலத்தில் சுசித்ரா மட்டாயின் கண்காட்சி வந்தது. கயானாவில் பிறந்தவர், ஆங்கிலேயர்களின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்களின் வழிவந்தவர். அவர் கையாளும் முக்கியமான பொருள் உடுத்திப் பழசான சேலை. சேலைகளை நீளநீளமாக முறுக்கி, பின்னி, நெய்து, சுவரளவுக்குத் திரைபோலத் தொங்கவிடுகிறார். தூரத்திலிருந்து பார்த்தால் நிலக்காட்சி மாதிரி நிறம் நிறமாகத் தெரியும். அருகில் போனால் ஜரிகைக் கரை ஒன்று திருகிக்கொண்டு உள்ளே போகிறது, இன்னொரு இடத்தில் மங்கிப்போன மாங்காய் டிசைன். இந்தப் பக்கம் நம் அம்மாவிடம் இருந்தது, அந்தப் பக்கம் அத்தையிடம் இருந்தது என்று சொல்லத் தோன்றும். கயானாவுக்குப் போன கப்பல்களில் கல்கத்தாவிலிருந்து போனவையே அதிகம். மதராஸ் துறைமுகத்திலிருந்தும் போயின. அங்கே இன்றும் மாரியம்மனைக் கும்பிடுகிற 'மதராசி' மரபு இருக்கிறது. மியூசியப் பலகையில் இத்தனையும் இருக்காது. கலைஞரோ கண்காட்சியை அமைத்த கியூரேட்டரோ பேசும் நாளில் போனால், கை தூக்கி நாம் ஒரு கேள்வி கேட்கலாம், நமக்குத் தெரிந்ததையும் சொல்லலாம்.

2025 செப்டம்பரில் திறந்தது முற்றிலும் வேறு உலகம்: 1600 முதல் 1750 வரை ஆன்ட்வெர்ப், ஆம்ஸ்டர்டாம் பக்கம் வாழ்ந்த பெண் கலைஞர்கள். ருயிஷ், லெய்ஸ்டர் போன்ற ஓவியர்களோடு, பெயர் தெரியாத பெண்கள் பின்னிய லேஸ் துணிகளையும் சேர்த்து வைத்தார்கள். இந்த மாதிரி இரவல் வாங்கி வைக்கும் கண்காட்சிகள் முடிந்தால் முடிந்ததுதான், படைப்புகள் கலைந்து அவரவர் ஊருக்குப் போய்விடும். நிரந்தரச் சேகரிப்பை எந்த மாதமும் பார்க்கலாம் என்பதால், இலையுதிர்காலத்தில் போனால் முதலில் சிறப்புக் கண்காட்சி, நேரம் மிச்சமிருந்தால் மற்றது.

இந்தப் பருவத்தில் நமக்கென்று ஒரு சிக்கல் உண்டு. நவராத்திரிக் கொலு அழைப்புகள், தமிழ்ச் சங்கத் தீபாவளி விழா, பிள்ளைகளின் நடன ஒத்திகை என்று அக்டோபர் நவம்பரில் ஒரு சனி ஞாயிறும் கைக்கு வராது. அதனால் வாரநாளைப் பற்றி யோசித்தே ஆக வேண்டும். நல்ல வேளையாக, சிறந்த நிகழ்ச்சி வாரநாளில்தான் இருக்கிறது.

இலவச ஞாயிறா, புதன் மதியமா?

ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறும் இரண்டாம் புதனும் எல்லோருக்கும் இலவசம். பெரும்பாலானோர் கண்ணை மூடிக்கொண்டு ஞாயிற்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 21 வயது வரை எந்த நாளும் இலவசம். ஆக, கணவன் மனைவி இரண்டு பிள்ளைகள் என்றால் ஞாயிற்றில் மிச்சமாவது 32 டாலர்தான். அந்த 32 டாலருக்காக ஆண்டிலேயே கூட்டம் அதிகமான நாட்களில் ஒன்றைப் பிடிக்கிறோம். பிரதோஷத்தன்று கோயிலுக்குப் போய் நந்தியின் கொம்பைக்கூடப் பார்க்காமல் திரும்புகிற மாதிரி, ஃப்ரீடா காலோவின் முன்னால் நிற்கும் முதுகுகளைப் பார்த்துவிட்டு வர நேரும். அது ஒன்றும் பெரிய படம் இல்லை; 30 அங்குல உயரம்தான் இருக்கும். இரண்டு வெள்ளைத் திரைக்கு நடுவில் நீளப் பாவாடையும் சால்வையுமாக நிற்கும் அவர் கையில் ஒரு காகிதம். 1937 நவம்பர் 7 என்று தேதி போட்டு, ரஷ்யப் புரட்சித் தலைவர் லியோன் ட்ராட்ஸ்கிக்கு அன்போடு என்று எழுதிய காகிதம். அன்று ட்ராட்ஸ்கியின் பிறந்தநாள். அந்தக் கையெழுத்தைப் படிக்க ஒரு நிமிடமாவது அருகில் நிற்க வேண்டும். ஞாயிற்றில் அது நடக்காது.

சின்னப் பிள்ளைகள் இருந்தால் மட்டும் ஞாயிறு சரி. அன்று குடும்பங்கள்தான் அதிகம், சத்தம் இருக்கும், உங்கள் பிள்ளை போடும் சத்தம் அதில் கரைந்துவிடும். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சகாயா புக்கர் பழைய டயர்களைக் கிழித்து, வளைத்து, முறுக்கிச் செய்த பிரம்மாண்டமான கறுப்புச் சிற்பம் பார்வையில் இருந்தால் அங்கே கொண்டுபோய் நிறுத்துங்கள். என்ன பொருளால் செய்தது என்று கண்டுபிடிக்கச் சொன்னால் பத்து நிமிடம் ஓடிவிடும்.

இரண்டாம் புதன் வேறு. வாரநாள் என்பதால் நிதானமாகப் பார்க்க முடியும். புதன்கிழமை மதியம் 12 மணிக்கு அரைமணி நேரக் காட்சியறைப் பேச்சு நடத்துவது இந்த மியூசியத்தின் பழைய வழக்கம். ஊழியர் ஒருவர் ஓரிரு படைப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றின் முன்னாலேயே நின்று பேசுவார். இந்த மாதிரிப் பேச்சும் இலவசப் புதனும் ஒரே நாளில் அமைந்தால் விடாதீர்கள். இந்த மியூசியத்தின் நிகழ்ச்சிகளில் எதையாவது ஒன்றைத்தான் பார்க்கலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். ஆயிரம் பேர் வருகிற விழாவைச் சொல்ல மாட்டேன்.

அரைமணியில் என்ன கிடைத்துவிடும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். லவினியா ஃபொன்டானா ஏறத்தாழ 1580இல் வரைந்த பிரபு குலப் பெண்ணின் படம். சிவப்பு வெல்வெட் உடை, முத்து, தங்கம், கையருகே ஒரு குட்டி நாய். நாமாகப் பார்த்தால் "பணக்கார அம்மா, நகை நிறைய" என்று நகர்ந்துவிடுவோம். விவரம் தெரிந்தவர் முதலில் காட்டுவது இடுப்புச் சங்கிலியில் தொங்கும் ஒரு பொருளை. உற்றுப் பார்த்தால் அது ஒரு சின்ன விலங்கின் தோல், கீரிப்பிள்ளை அளவு. தலை மட்டும் தங்கத்தில் செய்து கல் பதித்திருக்கிறது. அந்தக் காலத்து இத்தாலியில் பிள்ளைப்பேறு நல்லபடியாக நடக்க வேண்டும் என்பதற்கான தாயத்து போல அதை வைத்திருந்தார்கள். போலோன்யா நகரத்தில் மணப்பெண்ணுக்குச் சிவப்பு. நாய், கற்புக்கும் விசுவாசத்துக்கும் அடையாளம். ஆக இது கல்யாணப் படம்! கூறைப்புடவை சிவப்பு என்று வளர்ந்த நமக்கு அந்த இடத்தில் ஒரு சிரிப்பு வரும். அடுத்து வரைந்தவளின் கதை: பதினோரு பிள்ளைகள் பெற்றவர், குடும்பத்துக்கே சம்பாதித்துப் போட்டவர், கணவர் அவருக்கு உதவியாளராக இருந்தார். இது 16ஆம் நூற்றாண்டில். பலகையில் நாலு வரியாக இதைப் படிப்பதற்கும், ஒருவர் விரல் நீட்டி "இதைப் பாருங்கள்" என்பதற்கும் உள்ள வித்தியாசம் அங்கே நின்றால்தான் புரியும்.

வேலைக்குப் போகிறவர்கள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். டவுன்டவுனில் ஆபீஸ் இருந்தால் மதிய உணவு இடைவேளையில் போய்வரலாம். மெட்ரோ சென்டர் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். வர்ஜீனியாவிலோ மேரிலாந்திலோ வீட்டிலிருந்தே வேலை என்றால் அரைநாள் லீவு போட வேண்டும். போடலாம் என்பது என் கட்சி. ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோருக்கோ இந்தக் கேள்வியே இல்லை. அவர்களுக்கு எல்லா நாளும் புதன்தான். நான்கு பெரியவர்களாகப் போனால் டிக்கெட்டிலும் ஐம்பது டாலருக்கு மேல் மிச்சம்.

மாலை நிகழ்ச்சிகள்

மூன்று வகை. மாதத்தின் மூன்றாம் புதன்கிழமை மாலை 5.30 முதல் 8 வரை நடக்கும் 'நைட்ஸ்' தனி டிக்கெட். பாட்டு, பானம், கைவினை மேசை, நடுநடுவே படம் பார்ப்பது. ஆபீஸ் நண்பர்களோடு போக நன்றாக இருக்கும். கலைக்காகப் போகிறேன் என்றால் வேண்டாம். கையில் கிளாஸோடு நிற்கும் கூட்டத்தில் படம் பின்னணி ஆகிவிடும்.

2015இல் தொடங்கிய 'ஃபிரெஷ் டாக்' கலையையும் சமூக மாற்றத்தையும் இணைத்துப் பேசும் மேடை. கலைஞர்கள், வடிவமைப்பாளர்கள், செயல்பாட்டாளர்கள் வருவார்கள். தரமானவை. ஆனால் பல உரைகளின் பதிவு யூடியூபில் கிடைக்கிறது, வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்கலாம். உங்களுக்குப் பிடித்த ஒருவர் வருகிறார், அவரிடம் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றால் மட்டும் பெல்ட்வே நெரிசலில் காரை எடுங்கள்.

சிறு குழுவாக வாசிக்கும் 'ஷென்சன்' சேம்பர் மியூசிக் கச்சேரிகளைத்தான் நம்மவர்கள் வீணாக விடுகிறார்கள். வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் நடக்கும் மேற்கத்திய செவ்வியல் இசை, இலவசம், முன்பதிவு மட்டும் செய்ய வேண்டும். அரங்கம் சிறியது. டிசம்பர் சீசனில் சபா கேண்டீனுக்கும் கச்சேரிக்கும் அலைந்தவர்களுக்கு, நாலு பேர் வாத்தியம் வாசிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து மைக் இல்லாமல் கேட்பது எவ்வளவு அபூர்வம் என்று தெரியும். வயலினோ பியானோவோ கற்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், கென்னடி சென்டர் டிக்கெட் வாங்குவதற்கு முன்னால் இதை ஒருமுறை முயன்று பாருங்கள். முன்பதிவு சீக்கிரம் முடிந்துவிடும் என்பது ஒன்றுதான் குறை.

குளிர்காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஜனவரி பிப்ரவரியில் நிகழ்ச்சிகள் குறைவு, கூட்டமும் குறைவு. இலையுதிர்காலத்தில் திறந்த கண்காட்சி ஜனவரி இரண்டாம் வாரம் வரை ஓடுவது வழக்கமாக இருக்கிறது. தவறவிட்டவர்கள் பொங்கலுக்கு முன் போய்விடலாம். பனி எச்சரிக்கை இருந்தால் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து இதைப் படிப்பவர்களுக்கு இணையவழி உரையாடல்கள் இருக்கின்றன. 2020 ஊரடங்கில் பிடித்த வழி, புதுப்பிப்புக்காக மூடிய இரண்டு ஆண்டுகளும் கைகொடுத்தது. நேரம்தான் இடிக்கும்: வாஷிங்டனில் மாலை 5 மணி என்றால் உங்களுக்குக் கோடையில் அதிகாலை 2.30, குளிர்காலத்தில் 3.30. அதற்காக அலாரம் வைக்கச் சொல்ல மாட்டேன். மதிய நேரத்தில் நடப்பவை என்றால் இரவுச் சாப்பாடு முடித்துவிட்டு உட்காரலாம்.

கடைசியாகக் கிளம்புவதற்கு முன் பார்க்க வேண்டியவை. திங்கட்கிழமை விடுமுறை. பருவத்துக்கான நிகழ்ச்சி நிரலை மியூசியத்தின் தளத்தில் பார்த்து, நீங்கள் நினைக்கும் நிகழ்ச்சி அந்த வாரம் உண்டா என்று உறுதி செய்துகொள்ளுங்கள், மாதாமாதம் மாறும். உங்களுக்கு வேண்டிய படம் பார்வையில் இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்; கடனாக வெளியூர் போயிருக்கவும் கூடும். பெற்றோர் அக்டோபர் கடைசியில் ஊருக்குத் திரும்புகிறார்கள் என்றால் அக்டோபரின் இரண்டாம் புதன் உங்கள் நாள்: புதிய கண்காட்சி திறந்திருக்கும், டிக்கெட் கிடையாது, வெயிலும் தணிந்திருக்கும். பதினொன்றரைக்கு உள்ளே போய்விட்டால் பன்னிரண்டு மணிப் பேச்சுக்கு முன் இருக்கை எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்ளலாம். நின்று கேட்க முடியாதவர்களுக்கு மடக்கு நாற்காலி கிடைக்குமா என்று வரவேற்பு மேசையில் கேட்கத் தயங்க வேண்டாம்.